பத்தில் எட்டு

நன்றி சொல்ல வந்த மனிதரைக் கண்டதும் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று யாருக்காவது தோன்றுமா? ஜெயபாரதிக்குத் தோன்றியது. அவளுடைய மேஜை சின்னது, ஒளிய இடமில்லை. அதனால் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

வந்தவர் பொன்னுரங்கம். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முத்துகிருஷ்ணன் வீட்டில் பதினான்கு வருடமாகக் கார் ஓட்டுகிறவர். நெற்றியில் ஒரு புதுத் தழும்பு, கையில் அரைக் கிலோ இனிப்பு டப்பா. அடையாறில் அவள் வேலை செய்யும் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. படி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் உட்காரவில்லை.

"உங்களாலதான் மேடம் நான் உசுரோட கீறேன்" என்றார்.

ஜெயபாரதிக்கு முகம் மலர்ந்தது. பன்னிரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய், காரில் ஏறினால் சீட் பெல்ட் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவளிடம் இப்படி ஒருவர் நேரில் வந்து சொல்வது லேசான விஷயமா என்ன. அந்தச் சந்தோஷம் சரியாக அரை நிமிடம் இருந்தது.

"போன மாசம் ஞாயித்துக்கெழம, முதலாளி அம்மாவ திருவான்மியூர் கோயிலுக்கு இட்டுக்கினு போய்ட்டு திரும்பி வந்துக்கினு இருந்தோம். குறுக்கால ஒருத்தன் ஸ்கூட்டர்ல பூந்துட்டான். அவன் மேல ஏத்தக் கூடாதுன்னு ஒடிச்சேன் பாருங்க, நின்னுக்கினு இருந்த லாரிக்குப் பின்னால போய் சொருகிடுச்சு. வண்டி மூஞ்சி அப்பளம். எனக்கு இத்தோட போச்சு." நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "பெல்ட் போட்டுக்கினு இருந்தேன். நீங்க சொன்னதுலேர்ந்து ஒரு நாள் கூட போடாம ஓட்டினதில்ல."

"அம்மா எங்க உக்காந்திருந்தாங்க?"



"பின்னாலதான் மேடம். முன் சீட்ல வந்து மோதிக்கினாங்க. தாடை உடைஞ்சி கம்பி போட்டு கட்டிகீறாங்க. தோள்பட்ட வேற. பேச முடியாது, கஞ்சியக் கூட குழாய் வச்சிதான் உறிஞ்சறாங்க." டப்பாவைத் திறந்து நீட்டினார். "இத்த எடுத்துக்குங்க. எங்க வூட்ல கொடுத்து அனுப்பிச்சாங்க."

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் மாதம். அதே ஜவுளிக்கடையின் நாலாவது மாடியில், கடை ஆட்கள் சாப்பிடும் கூடத்தில், மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்பத்தொரு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கடைகளில் வேன் ஓட்டுகிறவர்கள், முதலாளிகள் வீட்டுக் கார் ஓட்டுகிறவர்கள். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவனிடம் போய் வண்டியில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்வதைவிடச் சங்கடமான வேலை இந்த ஊரில் இல்லை. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பின்வரிசையில் கைப்பேசியில் கிரிக்கெட் ஓடியது. பக்கத்துச் சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

ஜெயபாரதிக்கு எண்களின் பேரில் ஒரு கர்வம் உண்டு. நசுங்கிய காரையும் ரத்தத்தையும் படம் போட்டுக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களை அவள் மதிப்பதில்லை. எண்ணைச் சொன்னால் போதும், எண் பேசும் என்பாள். பேசும்தான். அதன் வாயில் என்ன வார்த்தையைத் திணிக்கிறோம் என்பதில் இருக்கிறது சங்கதி.

அன்று அவளிடம் புத்தம் புதிதாக ஓர் எண் இருந்தது. ஓர் ஆஸ்பத்திரியின் பழைய கோப்பு அறையில் மூன்று வாரம் தூசிக்கு நடுவே உட்கார்ந்து, கார் விபத்தில் பெல்ட் இல்லாமல் இறந்த நூறு பேரின் விவரத்தை அவளே எழுதி எடுத்தது. நூறில் எண்பது பேர் முன் சீட்டில் இருந்தவர்கள். "பத்துல எட்டு பேர்" என்று விரல்களை விரித்துக் காட்டினாள். கொட்டாவி நின்றது. கிரிக்கெட்டும் நின்றது. பத்து பேரை எழுந்து நிற்கச் சொல்லி, முன் சீட்டுக்காரர்கள் என்று எட்டுப் பேரை உட்கார வைத்தாள். மிச்சம் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பொன்னுரங்கம் கையைத் தூக்கினார்.

"மேடம், பின் சீட்டுக்கும் பெல்ட் கீது. ஆனா மாட்ற பக்கிள் சீட் கவருக்கு அடியில போய்டுச்சு. எங்க முதலாளி அண்ணாச்சி தீபாவளிக்கு அம்மாவுக்காக ஆசையா போட்ட லெதர் கவரு. அத்த நான் கிழிச்சா, அண்ணாச்சி என்ன கிழிச்சிடுவாரு. இன்னா பண்றது?"

நாற்பத்தொரு பேரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வண்டியில் அதே கதைதான். புதுக் கார் வாங்கினால் மறுநாளே கவர் போட்டாக வேண்டும். கவர் தைக்கிறவன் பின் சீட்டில் பக்கிளுக்கு ஓட்டை விடுவதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

ஜெயபாரதியும் சிரித்தாள். சபை இப்போது அவள் கைக்குள் இருந்தது. அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "கவரெல்லாம் கிழிக்க வேணாம். பின்னாடி அப்புறம் பாத்துக்கலாம். சாவு எங்க இருக்குன்னு இப்பதானே பாத்தோம்? பத்துல எட்டு முன்னாடி. முதல்ல முன்னாடி பெல்ட்டப் போடுங்க" என்றாள்.

கைதட்டல். அவளுக்கு டிரைவர்கள் கைதட்டியது அதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் கொடுத்தாள். 'பத்தில் எட்டு முன் சீட்டில். பெல்ட் போடுங்கள்.' ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, பெயரும் போன் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

ஜூலையில் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த சித்தார்த்தன், புள்ளியியல் படித்த பையன், டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மேடம், இந்த நூறு பேர் வந்த வண்டிங்கள்ல எத்தனைல பின் சீட்டுல ஆள் இருந்தாங்க?"

"அது எதுக்கு?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

பெரும்பாலான கார்களில் பின்னால் ஆளே இல்லை. டிரைவர் மட்டும், அல்லது முன்னால் இரண்டு பேர். ஆள் இல்லாத இடத்தில் யார் சாவார்கள்? பின்னாலும் ஆள் இருந்த வண்டிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாள். முன்னால் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் செத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்கிற தப்பு. பன்னிரண்டு வருட அனுபவக்காரி செய்திருந்தாள்.

அன்றைக்கே தன் பாடங்களில் எல்லாம் எண்ணை மாற்றினாள். மிச்ச ஸ்டிக்கர்களைக் கட்டிப் பரணில் போட்டாள். "ஏற்கெனவே கேட்டவங்களுக்கு யார் சொல்றது?" என்று சித்தார்த்தன் கேட்டான். "நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பார்த்துக்கொள்ளவில்லை. நாற்பத்தொரு பெயரும் நம்பரும் உள்ள தாள் அவள் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. ஸ்டேப்ளர் பின் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. இந்த வாரம் பண்ணிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தாள். கைதட்டியவர்களைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை, அதுதான் உண்மை. ஒரு நாள் அந்தத் தாளின் மேல் ஒரு தடிமனான கோப்பை வைத்தாள். அப்புறம் அது கண்ணில் படவில்லை.

நவம்பரில் பொன்னுரங்கம் இனிப்போடு வந்து நிற்கிறார்.

"ஒரு உதவி மேடம்" என்றார். இப்போது குரல் இறங்கியிருந்தது. "உன் உசுரு மட்டும் வெல்லக்கட்டியா, அம்மாவ போடச் சொல்லணும்னு தோணலியான்னு அண்ணாச்சி கேக்கறாரு. நாளிக்கு சாவிய குடுத்துட்டு போயிடணுமாம். வேல போனா போவுது மேடம், எதுனா பொயச்சிக்கலாம். ஆனா கார் ஸ்டாண்டுல பசங்க பேசிக்கிறானுங்க, தன்னக் காப்பாத்திக்கினு அம்மாவ விட்டுட்டான்னு. அத்ததான் தாங்க முடியல. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. பின்னால அவ்ளோ அவசியம் இல்ல, கணக்கு அப்டிதான் சொல்லுதுன்னு. நீங்க சொன்னா நம்புவாரு."

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனிப்பு டப்பா நீட்டியபடியே இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். தண்ணீர் குடித்து இறக்கினாள்.

ஆட்டோவில் போனார்கள். கோட்டூர்புரம் பாலத்தில் ஏறும்போது பொன்னுரங்கம் வெளியே ஆற்றங்கரையைக் காட்டினார். "இங்கதான் மேடம் எங்க வூடு இருந்திச்சி. இடிச்சிட்டு, ஊருக்கு வெளில பெரும்பாக்கத்துல தூக்கிப் போட்டாங்க. அங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறி விடிகாலைல வந்து நிப்பேன். பதினாலு வருசத்துல ஒரு நாள் லேட்டு கெடையாது." அதைப் புகாராகச் சொல்லவில்லை. தன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னார். தப்பு செய்யாத ஒரு மனிதர் தான் நல்லவன் என்று நிரூபிக்கப் பாடுபடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது. தி.நகரில் போக் ரோட்டில் திரும்பும்போது இறங்கி ஓடிவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தாள்.

முத்துகிருஷ்ணனின் வீடு கடைக்குப் பின்தெருவில், முதல் மாடியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன் வந்த குடும்பம். பேச்சு இன்னும் ஊர்ப் பேச்சுதான். கூடத்தில் சோபாவில் அவருடைய மனைவி சுலோச்சனா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாடையைச் சுற்றிப் பட்டை, ஒரு கை கழுத்தில் கட்டிய தூளியில். மறு கைப்பக்கம் கடையின் பில் புத்தகமும் பேனாவும். பேச வேண்டியதை அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுகிறாள். கண் மட்டும் வந்தவளை விட்டு அகலவில்லை.

காபி வந்தது. பொன்னுரங்கம் கதவோரமாக நின்றார்.

"இவன் என்னமோ சொல்லுதான்" என்று ஆரம்பித்தார் முத்துகிருஷ்ணன். "பின் சீட்டுல பெல்ட் வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்களாம். தப்பிக்கதுக்குச் சொல்லுதானோன்னு நெனைச்சேன்."

"நான்தான் சொன்னேன் சார். அவர் பொய் சொல்லல. அவர் கேட்டார், கவரைக் கிழிக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்."

பொன்னுரங்கம் பெரிய மூச்சாக விட்டது சோபா வரை கேட்டது. முத்துகிருஷ்ணனின் தோள்களும் தளர்ந்தன. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப கணக்கே அப்படித்தான் இருக்குன்னு சொல்லுதீங்க" என்றார். குரலில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. "பின்னால இருக்கவங்களுக்கு ஒண்ணும் ஆவாது பொதுவா. இது ஆயிரத்துல ஒண்ணு, எங்க நேரம். இல்லியா? ஏன் கேக்கேன்னா, அந்தக் கவரு நான் போட்டது. இவளுக்கு மெத்துன்னு இருக்கட்டும்னு. ஒரு மாசமா எனக்கு உறக்கம் இல்ல, கேட்டீங்களா."

அவளுக்குப் புரிந்தது. இந்த மனிதர் பொன்னுரங்கத்தின் மேல் எரிந்து விழுந்ததெல்லாம் தன் மேல் விழாமல் இருக்கத்தான். இப்போது அவள் "ஆமாம் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு இன்று இரவு தூக்கம் வரும். பொன்னுரங்கத்துக்கு வேலை நிலைக்கும், ஸ்டாண்டில் மானம் திரும்பும். அவளுக்கும் ஒன்றும் ஆகாது, காபியைக் குடித்துவிட்டு அடையாறு போய்ச் சேரலாம். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பொய் தேவைப்பட்டது. ஒருத்தியைத் தவிர. சுலோச்சனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்" என்றாள் ஜெயபாரதி. "கணக்கு அப்படி இல்ல. நான் போட்ட கணக்கு தப்பு."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பின்னால் ஆளே இல்லாத வண்டிகளை எல்லாம் சேர்த்து எண்ணியதைச் சொன்னாள். ஆள் இருந்தால் அங்கேயும் அதே அளவு சாவுதான் என்பதைச் சொன்னாள். பெல்ட் போட்டிருந்தால் அம்மா முன் சீட்டில் போய் மோதியிருக்க மாட்டார்கள் என்பதையும் சொன்னாள். "கவர் போட்டது நீங்களா இருக்கலாம் சார். அதுக்கு அடியில இருக்கறத எடுக்கணுமான்னு இவர் கேட்டாரு. வேணாம்னது நான். இவர் ஒரு தப்பும் பண்ணல."

கீழே தெருவில் ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. சுலோச்சனா பில் புத்தகத்தை இழுத்து, மெதுவாக எழுதி, இவள் பக்கம் திருப்பினாள்.

'தப்புன்னு எப்ப தெரிஞ்சது?'

பொய் சொல்ல அப்போதும் இடமிருந்தது. இப்போதுதான், விபத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது என்று சொல்லலாம். சரிபார்க்க ஆள் கிடையாது.

"ஜூலைல" என்றாள்.

சுலோச்சனா விரலை மடக்கினாள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். மூன்றாவது விரலில் நிறுத்திவிட்டு, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் புத்தகத்தை மூடி வைத்தாள். கண்களையும் மூடிக்கொண்டாள்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஜெயபாரதிக்கு. முத்துகிருஷ்ணன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். திரும்பாமலே, "பொன்னுரங்கம், சாவிய நீயே வச்சிக்கிடு" என்றார். கொஞ்சம் கழித்து, "காப்பி ஆறுது. குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார்.

குடித்தாள். அந்த வீட்டில் எதையும் மறுக்கும் தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது. ஆறிப்போன காபி, ஆடை உதட்டில் ஒட்டியது.

படி இறங்கும்போது பொன்னுரங்கம் முன்னால் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இவள் இறங்கினாள். வாசலில் நின்றார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். அதன் உறையின் பின்புறத்தில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ஓரமெல்லாம் தேய்ந்து.

"என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அத்த விடுங்க மேடம்." முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க கணக்க நான் எத்தினி பேருக்கு சொல்லிக்கினு திரிஞ்சேன் தெரியுமா? ஸ்டாண்டுல எவனாவது பின் சீட்டப் பத்தி கேட்டா, அட போடா, பத்துல எட்டு முன்னாலடா, மேடமே சொல்லிட்டாங்கன்னு. பெருமையா சொல்வேன்." ஸ்டிக்கரின் ஒரு முனையை நகத்தால் நெண்டினார். அது வரவில்லை. "அன்னிக்கு கையெயுத்து போட்டோமே, நாப்பத்தோரு பேரு. மத்தவங்களுக்கு சொல்லிட்டீங்களா?"

இழுப்பறையில், கோப்புக்கு அடியில் இருந்தது பதில்.

பொன்னுரங்கம் தலையை மட்டும் ஆட்டினார். கைப்பேசியில் ஒரு பெயரைத் தேடி அழுத்தி, காதில் வைத்தார். மணி அடிப்பது இவளுக்கும் கேட்டது.

"கிச்சா, நான்தான். எங்க கீற? ... மயிலாப்பூரா. பின்னால யார்னா கீறாங்களா? ... யாரு, உன் முதலாளி வூட்டுப் பசங்களா? எத்தினி பேரு? ... வண்டிய ஓரமா நிறுத்து. இன்னா ஏதுன்னு கேக்காத, நிறுத்துடா மொதல்ல."

நின்றுவிட்டது என்று கிச்சா சொல்லும் வரை காத்திருந்தார். பிறகு கைப்பேசியை ஜெயபாரதியிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டான். அவனுக்கு நான்தான் பத்துல எட்டுன்னு சொன்னேன்."